டிக்கியில் இரண்டு தட்டு

சிதம்பரம் கீழ வீதியில் அன்று பெய்த மழைக்கு ஈவிரக்கமே இல்லை. கோபுரத்தில் பாதிதான் கண்ணுக்குத் தெரிந்தது. மீதி மழைக்குள் போய்விட்டது. கடலூரிலிருந்து ஏற்றி வந்த குடும்பம் கோயிலுக்குள் போயிருக்க, ஆரோக்கிய அனிதா தன் வெள்ளை அம்பாசடரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

க்ர்ர்ரீ... பின்சக்கரத்துக்கு மேலே தொடங்கி, இரண்டு கதவுகளையும் தாண்டி, முன்விளக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. பல் கூசியது.

குடையை எடுக்கவும் தோன்றாமல் இறங்கினாள். முன்னால் ஒரு பைக் தள்ளாடி நின்றது. அதன் பின்சீட்டில், படகுக்கு அடியில் சுழலும் பித்தளை இறக்கை ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. இதழ் ஒன்று ரோட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டு, தான் செய்த வேலையைத் தானே ரசிப்பதுபோல் மின்னியது.

"என்னங்க இது?" என்றாள்.

"மழைங்க," என்றான் அவன்.

"மழை கோடு போடுமா?"

அவன் திரும்பி அந்தக் கோட்டைப் பார்த்தான். நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் இமையில் தங்கி, இமையிலிருந்து சொட்டியது. உப்புக்காற்றில் சிவந்துபோன கண்கள். திருட்டுத்தனம் செய்துவிட்டு மாட்டிக்கொண்ட பூனையின் பார்வை.

"தப்புதாங்க. லேத்துக்கு எடுத்துட்டுப் போறேன், கட்டு அவுந்துடுச்சி. பெயிண்ட் அடிச்சிக் குடுத்துடறேன். வெள்ளைதானே?"

"இது வெறும் வெள்ளை இல்ல. மோர் வெள்ளை. இப்ப கடையில கெடைக்காது."

"அப்ப வண்டியும் கடையில கெடைக்காதே..." என்று சொல்லிவிட்டான். வாய் தவறித்தான் வந்தது. வந்த பிறகு விழுங்க முடியவில்லை. "இல்ல, வயசான வண்டி, ஒரு கோடு கூடுனா தெரியவா போவுதுன்னு..."

அனிதா அவனைப் பார்த்தாள். அவ்வளவுதான், பார்த்தாள். மழை அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அவள் கண் இமைக்கவில்லை. அவன் தலை தானாகக் குனிந்தது.

"போங்க," என்றாள். "பெயிண்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். முன்னாடி பாத்து ஓட்டுங்க."

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினாள். அந்தச் சிவந்த கண்களை ஏன் இன்னொரு முறை கண்ணாடியில் தேடினோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

•

அந்தக் கார் ஜேக்கப்புடையது. ஜேக்கப் அவள் புருஷன். மூன்று வருடங்களுக்கு முன்பு, சவாரி ஏற்றிக்கொண்டு வரும்போது நெஞ்சு வலி வந்து, அந்த ஸ்டியரிங்கின் மேலேயே சாய்ந்து இறந்துபோனவன்.

அதன் பிறகு அந்த வண்டிக்கு ஊரில் வேறு பெயர் வந்துவிட்டது. ஆளை முழுங்குன வண்டி. காயலான் கடைக்குப் போடச் சொல்லி முதலில் நின்றவர் ஜேக்கப்பின் அண்ணன் இருதயசாமி. மஞ்சக்குப்பத்தில் அவருடைய வீட்டு மாடியில்தான் அனிதா இருந்தாள். அவள் கேட்கவில்லை. அதே வண்டியில், அதே சீட்டில் உட்கார்ந்து சவாரி ஓட்டினாள். ஸ்டாண்டில் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் சிரிப்பு அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒன்றுமட்டும் நின்றே போயிற்று. வண்டி கிளம்பும்போது டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்புவது அந்த வீட்டு வழக்கம். ஜேக்கப் எந்தச் சவாரிக்குக் கிளம்பினாலும் இருதயசாமி வந்து தட்டுவார், டப்... டப். அதுதான் 'நல்லபடியா போய் வா'. ஜேக்கப் போனபிறகு அவர் அந்த வண்டியின் பக்கம் கையை நீட்டியதில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் அனிதாவுக்கு அந்தச் செய்தி கிடைத்தது. சென்னையிலிருக்கும் ஓர் அறக்கட்டளை பழைய கார்களின் பயணம் ஒன்றை நடத்தப்போகிறது. கடலூர் சில்வர் பீச்சில் கடல் மணலில் தொடங்கி, ராஜஸ்தானில் ஜெய்சல்மருக்கும் அப்பால் பாலை மணலில் முடியும். ஒவ்வொரு காருக்கும் ஊர்க்காரர்கள் நன்கொடை சொல்லலாம். சேரும் பணத்தில் கடலோரக் கிராமங்களுக்கு இதயத்தைப் பரிசோதிக்கும் வேன் ஒன்று வரும். ஒரே ஒரு நிபந்தனை. கார் தன் சக்கரத்தில் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். கயிறு கட்டி இழுத்து வந்தால் அந்தக் காருக்குச் சொன்ன நன்கொடை கிடையாது.

நெஞ்சைப் பரிசோதிக்கும் வேன்... அன்று இரவு அனிதா தூங்கவில்லை. காலையில் பேர் கொடுத்துவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றார் இருதயசாமி. "புருஷன் செத்த வண்டியில பாலைவனம் போறாளாம். ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மாமா. ஏற்கனவே சிரிச்சவங்கதானே, புதுசா ஒண்ணும் இல்ல."

"பாதி வழியில நிக்கும் பாரு அது."

"நின்னா தள்ளுவேன்."

ஒரு காருக்கு இரண்டு டிரைவர்கள் வேண்டும். கூட வருவதாக இருந்தவள் தோழி காயத்ரி. அவளோ மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். பயணத்தின் தலைவர் கலியமூர்த்தி, ஓய்வுபெற்ற என்ஜினியர், கழுத்தில் எப்போதும் விசிலோடு திரிபவர். "ஒத்தை டிரைவரை அனுப்ப முடியாதும்மா. ஆனா இன்னொரு ஒத்தை டிரைவரும் எங்கிட்ட இருக்காரு. தேவனாம்பட்டினம். போட் இன்ஜின் மெக்கானிக்கு. அவுரு சிநேகிதனோட ஆம்னி எஃப்.சி.யில தேறல..." என்று சொல்லிக்கொண்டே கையைக் காட்டினார்.

வாசலில் அந்தச் சிவந்த கண்கள் நின்றுகொண்டிருந்தன.

"இவரா?" என்றாள் அனிதா.

"பச்சமுத்து," என்றான் அவன், அவள் கேட்காமலேயே. பிறகு மெதுவாக, "கோடு எப்படி இருக்குங்க?"

"வளருது."

கலியமூர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அனிதா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பேருக்குத்தான் ரெண்டு டிரைவர். ஓட்டறது நான் மட்டும்தான்."

ஏன் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்கவில்லை. "சரிங்க," என்றான். ஆனால் முகம் ஏனோ வெளிறிப்போயிற்று.

•

காரணம் கிளம்புகிற நாளில்தான் தெரிந்தது. மாசி மகம் முடிந்த மறுநாள். சில்வர் பீச்சில் கூட்டம் இன்னும் கலையவில்லை. பங்கு ஃபாதர் வந்து கார்களை மந்திரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். பச்சமுத்துவின் அம்மா ஜோதிலட்சுமி, மீன்கூடையைத் தூக்கிய தோளும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் உடம்புமாக வந்து, டிக்கியில் எதையெதையோ திணித்துச் சாத்திவிட்டு அனிதாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என்னாடி ஒல்லியா கெடக்கிற. எம் புள்ளய பாத்துக்க. கடல்ல எம்மாம் அலை அடிச்சாலும் அசையமாட்டான், காருல குந்த வெச்சா வாந்தி எடுப்பான். ஓட்டுனாத்தான் சும்மா இருப்பான்."

"யம்மா..." என்றான் பச்சமுத்து.

"என்னா யம்மா? பொய்யா சொல்றேன்?"

இருதயசாமி வந்திருந்தார். தூரத்தில், ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கலியமூர்த்தி விசில் ஊதினார். அம்பாசடர் கடல் மணலில் முக்கிக்கொண்டு நகர்ந்தது. அனிதா காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

டிக்கியில் யாரும் தட்டவில்லை.

•

விழுப்புரம் தாண்டியதும் முதல் வாந்தி. ஓசூரில் இரண்டாவது. அதன் பிறகு அனிதா எண்ணுவதை விட்டுவிட்டாள். கடலில் பிறந்தவனுக்குத் தரை ஆடியது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே, தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு வந்தான். ஒரு தடவைகூட, 'நான் கொஞ்சம் ஓட்டட்டுமா' என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சுலபமாக முடியாது என்றிருப்பாள். கேட்காத மனிதனிடம் எப்படி மறுப்பது...

போகப்போக வேறொன்றும் கவனித்தாள். வண்டி நின்றால் இறங்கிப்போய்க் கண்ணாடியைத் துடைப்பான். முன்விளக்கைப் போட வேண்டியிருந்தால், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டில் உட்காராமல், வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டிப் போடுவான். ஜேக்கப்பின் முதுகு அழுத்தி அழுத்திக் குழிவிழுந்த, மரமணி கோத்த விரிப்பு போட்ட மணிச்சீட்டு அது. அதன்மேல் அவன் சட்டைகூடப் பட்டதில்லை.

புனே தாண்டி ஒரு டீக்கடையில் நிற்கும்போது கேட்டான்.

"ஜேக்கப் அண்ணன் இந்த ஹாரனை எங்க வாங்குனாரு? லாரி ஹாரன் மாதிரி இருக்கு."

அனிதா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் ஜேக்கப்பின் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவள் அழுதுவிடுவாள் என்று பயம். அல்லது தாங்களே அழுதுவிடுவோம் என்று பயம். இவன், முகம் தெரியாத மனிதனைப் பற்றி, பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பவனைப்போல் கேட்கிறான்.

"லாரி ஹாரன்தான்," என்றாள். "நெல்லிக்குப்பத்துல ஒரு லாரிய ஒடைச்சாங்க. கழட்டிக்கிட்டு வந்துட்டாரு. முதநாள் அடிச்சதும் பக்கத்து வீட்டு ஆடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிப்போச்சி."

"கெடைச்சுதா ஆடு?"

"சாயங்காலம் கெடைச்சுது. ஆட்டுக்காரம்மா ஒரு மாசம் எங்ககூடப் பேசல."

அவன் சிரித்தான். அவளும்... மூன்று வருடத்துக்குப் பிறகு ஜேக்கப்பை நினைத்து அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. பிறகு சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கடைசி நாளையும் சொன்னாள்.

"பின்சீட்ல புள்ளைத்தாச்சி ஒருத்தி இருந்தா. நெஞ்சு வலி வந்ததும் ஓரங்கட்டியிருக்காரு. இன்ஜினை அணைச்சிட்டு, கை பிரேக்கை இழுத்துப் போட்டிருக்காரு. அப்புறந்தான் சாஞ்சிருக்காரு. அந்தப் பொண்ணுக்கு ஒரு கீறல் இல்ல. கடைசியா அவரு கை தொட்டது அந்த பிரேக்கைத்தான்... இப்பகூட அந்தச் சத்தம் கேட்டா எனக்கு வயித்தைக் கலக்கும்."

பச்சமுத்து திரும்பி அந்தக் காரைப் பார்த்தான். "பெரிய டிரைவரு," என்றான். அவ்வளவுதான். ஆறுதல் சொன்ன ஆயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றாத வார்த்தை அது.

அதற்குப் பிறகு அவள் வண்டி நிறுத்தும்போதெல்லாம், கை பிரேக் போடும் முன்பே, அவன் சத்தமாக எதையாவது பேசத் தொடங்கினான். பெரும்பாலும் அர்த்தமில்லாத பேச்சு. அவன் ஏன் பேசுகிறான் என்று அவளுக்குப் புரிய இரண்டு மாநிலம் ஆனது. புரிந்த நாளில், நெஞ்சுக்குள் எதுவோ கட்டவிழ்ந்ததுபோல் இருந்தது. அய்யோ, இது என்ன... என்று பயந்தாள்.

•

ராஜஸ்தானில் பார்மர் ஊரைத் தாண்டி, கண்ணுக்கெட்டின தூரம்வரை மணல். வெயில் உச்சிக்கு வந்தபோது ரேடியேட்டர் கொதித்தது. பச்சமுத்து ஒரு முள்மரத்தடியில் குனிந்து குமட்டிக்கொண்டிருந்தான். அனிதாவே டிக்கியைத் திறந்து, முன்பு எண்ணெய் வாங்கி, இப்போது தண்ணீர் பிடித்து வைத்த வெள்ளைக் கேன்களில் நிறைந்திருந்த கடைசி ஒன்றை எடுத்து, இன்ஜின் கொஞ்சம் ஆறினதும் ஊற்றி முடித்தாள். கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரம்தான். மறுபடியும் ஆவி. இந்த முறை வேறு மாதிரி... ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. அனிதா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

நடுப் பாலைவனத்தில் அவள் நாக்கில் கடலூர் வந்து நின்றது.

"பச்சமுத்து," என்றாள். குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் அவன் பயந்தான். "டிக்கியில இருந்த கேன்ல என்னா தண்ணி?"

அவன் காலிக் கேனைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. "அது... அம்மா வெச்சது. மாசி மகத்துத் தண்ணி. எல்லா ஊரு சாமியும் வந்து எறங்கிக் குளிச்ச கடலாச்சே... போய்ச் சேந்ததும் வண்டிக்கு ரெண்டு கை தெளிச்சி வுடுன்னு குடுத்துச்சி."

"ஏன் சொல்லல?"

"நீங்க வேதக்காரங்க. ஃபாதர் மந்திரிச்ச வண்டி. நான் போய் கடல் தண்ணி தெளிக்கணும்னு எப்பிடிச் சொல்றது... சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டு ஒரு ஓரமா வெச்சிருப்பேன். இப்ப பாருங்க." அவள் குரல் உடைந்தது. "உப்பு இன்ஜினுக்குள்ள போய்ப் படிஞ்சா அவ்ளோதான். இந்த வண்டி இங்க நின்னுச்சின்னா ஊருல என்னா சொல்வாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்," என்றான். வேறு ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அம்மாவின் மேல் பழியைப் போடவில்லை. நீங்கள் முகர்ந்து பார்த்திருக்கலாமே என்று சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றான்.

கலியமூர்த்தியின் ஜீப் வந்தது. கூடவே மற்ற கார்களும் வந்து நின்றன. அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கயிறு போட்டுருவோம்மா. எல்லைக்கோடு பக்கத்துலதான்."

"கயிறு வேணாம் சார்."

அதற்குள் யாரோ போனில் சொல்லி, செய்தி ஊருக்குப் போய்விட்டது. அனிதாவின் போன் அடித்தது. வீடியோவில் இருதயசாமி. பின்னால் வீட்டின் நீலச் சுவர்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல? காவு வாங்காம வுடாது அது. தூக்கிப் போட்டுட்டு ரயிலேறி வந்துடு. அந்த மீன்காரப் பயலோட சேந்து ஊரு ஊரா சுத்தனது போதும். இங்க மாதா கோயில்ல என்னா பேசறாங்க தெரியுமா? அவனோட வந்து நின்னா என் வீட்டுப் படி ஏறாதே."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மொழி தெரியாதவர்களுக்கும் குரல் புரிந்தது. பச்சமுத்து நகர்ந்து காரின் மறுபக்கம் போனான். அவன் போவதை அனிதா பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. கீழ வீதியில் அவளே ஒரு பார்வையில் குனியவைத்த தலை. இன்னொருவர் குனியவைத்ததை அவளால் பொறுக்க முடியவில்லை.

"மாமா," என்றாள். "இந்த வண்டி யாரையும் முழுங்கல. அவரு நிறுத்துன எடத்துல நின்னுச்சி, அவ்ளோதான். சொன்னபடி கேட்ட வண்டிய மூணு வருஷமா திட்டிக்கிட்டு இருக்கீங்க. இன்னைக்கு நான் போகச் சொல்றேன். போவும். அப்புறம் அவுரு மீன்காரப் பயல் இல்ல. பேரு பச்சமுத்து. சொல்லிப் பழகிக்குங்க."

இருதயசாமியின் குரல், கோபமெல்லாம் வடிந்து, வேறு யாருடைய குரலோபோல் வந்தது. "உனக்குத் தெரியாதும்மா... அந்த வண்டியைப் பாத்தா எனக்கு அவன் சாஞ்சி கெடந்த மொகந்தான் தெரியிது."

"எனக்கும்தான் மாமா," என்றாள். "நான் தெனம் அதுலதான் உக்கார்றேன்."

போனை அணைத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பச்சமுத்து. அங்க என்னா பண்றீங்க? ஸ்பானர் எடுங்க."

•

இன்ஜின் ஆறும்வரை காரின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவன் அடியில் புகுந்து ரேடியேட்டரின் அடித்திருகைக் கழற்றினான். உப்புத்தண்ணீர் கொட்டி மணலில் ஓடியது, கொஞ்ச தூரம் ஓடி உறிஞ்சப்பட்டது.

"அம்மா கேட்டா சொல்லிடலாம்," என்றான் அடியிலிருந்து. "தெளிச்சாச்சின்னு."

அனிதா சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை.

கழுவ வேண்டும், பிறகு நிரப்ப வேண்டும். மற்ற கார்க்காரர்கள் ஒவ்வொருவராகக் குடிதண்ணீரிலிருந்து பாதி கொண்டுவந்து ஊற்றினார்கள். கழுவி முடித்து நிரப்பும்போது வாய் வரைக்கும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும். எல்லோரிடமும் குடிப்பதற்கு மட்டுமே மிச்சம் இருந்தது.

அனிதா தயங்கினாள். பிறகு டிக்கியில் தன் துணிப்பைக்கு அடியில் கையை விட்டு, பழைய சேலைத்துணியில் சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

"இது என்னா?" என்றான்.

"மந்திரிச்ச தண்ணி. ஃபாதர்கிட்ட வாங்கியாந்தேன்." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க சிரிப்பீங்கன்னு ஒளிச்சி வெச்சேன்."

பச்சமுத்து அவளைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். கிரீஸ் படிந்த முகத்தில் பல்வரிசை மெல்ல வெளியே வந்தது.

"மொதல்லயே சொல்லியிருந்தா ஓசூர்லயே ஒரு முழுங்கு குடிச்சிருப்பேன்ல. வாந்தியாவது நின்னுருக்கும்."

அவள் ஊற்றினாள். சரியாக வாய்வரை வந்து நின்றது.

மூடியைத் திருகினாள். கையைத் துடைத்தாள். எல்லோரும் தங்கள் கார்களுக்குப் போனார்கள். அனிதா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் அந்த மணிச்சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னாங்க... கை வலிக்குதா?"

"இல்ல."

"தல சுத்துதா?"

"இல்ல. ஓட்டுங்க."

அவன் அசையவில்லை. "அனிதா... வேணாம். என் தப்புக்கு நீங்க..."

"தப்புக்கு இல்ல. நான்தான் தரேன். ஏறுங்க."

அவன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் ஏறினான். படகில் ஏறுகிறவனின் பழக்கமா, வேறு ஏதாவதா... அவள் கேட்கவில்லை. ஜேக்கப்பின் குழியில் அவன் முதுகு பொருந்தவில்லை. இன்னொரு உடம்பு அது. பொருந்தாமலிருந்ததே அவளுக்கு நிம்மதியாக இருந்தது. செருப்பை அவளே எட்டி எடுத்து உள்ளே போட்டாள்.

மணல்மேடுகள் சாயங்கால வெயிலில் குங்குமமாகிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் ரோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவள் முதல்முறையாகப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கடல்தான். அலை மட்டும் அசைய மறந்த கடல். கண் நிறைந்தது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டியது.

"எலுமிச்சம்பழம் எங்க வெச்சிருக்கீங்க?" என்றாள்.

அவன் திரும்பவில்லை, ரோட்டைப் பார்த்தபடியே சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். விரல் விரலில் பட்டது.

ஆளை முழுங்குன வண்டி தன் சக்கரத்தில் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியது. லாரி ஹாரனை அனிதா எட்டி அமுக்கினாள். தூரத்தில் ஓர் ஒட்டகம் மிரண்டு திரும்பியது.

"ஆடு போச்சி, இப்ப ஒட்டகமா?" என்றான் பச்சமுத்து.

அன்று, கொடிகளுக்கும் கைதட்டலுக்கும் நடுவே, அவன் அவள் பக்கமாகக் குனிந்து, "ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான். என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கண்களில் அது எப்போதோ எழுதியிருந்தது.

"இங்க வேணாம்," என்றாள். "இங்க சொன்னா ஒட்டகத்துக்குத்தான் தெரியும். ஊருல வெச்சி சொல்லுவோம். சிரிக்கிறவங்க எல்லாம் நல்லா கேக்கட்டும்."

•

கடலூருக்குள் நுழையும்போது வானம் கறுத்திருந்தது. பருவம் தப்பிய கோடை மழை. மஞ்சக்குப்பம் தெருவில் திரும்பும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. ஓட்டியது பச்சமுத்து.

இருதயசாமி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். தெருவில் நாலைந்து வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. வண்டி அவருக்கு முன்னால் ஓரமாக நின்றது. பச்சமுத்து இன்ஜினை அணைத்து, கையை நீட்டி, கை பிரேக்கை இழுத்தான். க்ர்ர்ர்.

பேச மறந்துவிட்டான். அவளும் காத்திருக்க மறந்துவிட்டாள். சத்தம் கேட்டு முடிந்த பிறகுதான், வயிறு கலங்கவில்லை என்பதை அனிதா கவனித்தாள்.

"எறங்கி உள்ள போம்மா," என்றார் இருதயசாமி. பச்சமுத்துவைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. "அவரு வண்டியை வுட்டுட்டுப் போவட்டும்."

"இல்ல மாமா." ஜன்னல் வழியாகவே சொன்னாள். மழை உள்ளே அடித்தது. "அன்னைக்கு உங்க தம்பி பிரேக் போட்டாரே, அதை நான் இன்னமும் எடுக்கவே இல்ல. வண்டி ஓடிச்சி, நான் அங்கியே நின்னுட்டேன். மூணு வருஷம் போதும். அவரை மறந்துட்டு நான் எங்கயும் போவல. அவரையும் ஏத்திக்கிட்டுதான் போறேன். படி ஏற வேணாம்னா ஏறல."

மழைத்தண்ணீர் இருதயசாமியின் நரைத்த மீசையில் ஓடியது.

அனிதா திரும்பினாள். அவனுக்கு மட்டும் கேட்கும் மெல்லிய குரலில் சொல்லியிருக்கலாம். தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"கை பிரேக்கை எடுங்க பச்சமுத்து."

அவன் எடுத்தான். இன்ஜின் இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. வண்டி ஓரடி நகர்ந்தது.

டப்... டப்.

டிக்கியில். இரண்டு தட்டு.

அனிதா திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடியில் மழை வழிந்தது. அதற்கு அப்பால் இருதயசாமி வண்டியின்மேல் வைத்த கையை எடுக்காமல், வண்டி நகர நகரக் கூடவே நாலு எட்டு நடந்து வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

தெருமுனையில் பச்சமுத்து வண்டியைத் தயங்கவிட்டான்.

"எந்தப் பக்கம்?"

"தேவனாம்பட்டினம். உங்க அம்மாகிட்ட கேனைத் திருப்பிக் குடுக்கணும்."

"கேனைக் குடுக்கவா போறோம்?"

"கேனைக் குடுத்துட்டு, உங்க புள்ளைய எனக்குப் புடிச்சிருக்குன்னு சொல்லணும். வாந்தி எடுத்தாலும் பரவால்லன்னு சொல்லணும்..." அவள் கண் மழையைப் பார்த்தது, முகம் சிவந்தது. "நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே. ஊரு வந்துடுச்சி. சொல்லுங்க."

பச்சமுத்து சொன்னான். திக்கித் திணறி, பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து. மழைச் சத்தத்தில் அவளுக்கு முழுசாகக் கேட்கவில்லை.

"கேக்கல," என்றாள். "சத்தமா."